கரிசல் வீட்டுத் தோட்டத்தில் புதுவகைக் களா: பரீட்சித்துப் பார்க்கும் முறை

புதிய பயிர் ஒன்று கிராமத்திற்குள் நுழையும்பொழுது அதனைக் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பாரும் உளர். காணுமுன்னரே வேண்டாமென ஒதுக்குவாரும் உளர். இவ்விரு திறத்தாராலும் ஊருக்கு நன்மை விளைவதில்லை. முன்னவர் கைப்பொருளை இழக்கின்றனர்; பின்னவர் கிடைக்கவேண்டிய ஆதாயத்தை இழக்கின்றனர். சிறு அளவில் நட்டு, பொறுமையுடன் கவனித்து, கண்டதை எழுதி வைத்து, அதன் பிறகு முடிவு செய்வதே உழவர்க்கு உகந்த வழி. வீட்டுத் தோட்டத்தில் அதனை எங்ஙனம் செய்வது என்பதைக் களாச்செடியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கோவில்பட்டி வட்டாரத்தாருக்குப் பரீட்சை புதிதன்று. 1901ஆம் ஆண்டிலேயே இங்கு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. மானாவாரிப் பருத்தியும் சோளமும் கம்பும் அங்கு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளன. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தோ-சீன நாட்டிலிருந்து கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்திற்கு வந்தது. கோயம்புத்தூர்ப் பகுதியின் இறவைத் தோட்டங்களில் அது பெருவெற்றி கண்டது. நமது மானாவாரிக் கரிசலிலோ கருங்கண்ணிப் பருத்தியே நிலைத்து நின்றது. ஒரு வகை நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பது பயனற்ற கேள்வி. எந்த மண்ணில், எந்த நீரில், எவர் கையில் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். பருத்திக்குப் பொருந்திய இவ்வுண்மை வீட்டுக் கொல்லையில் நடும் பழச்செடிக்கும் பொருந்தும்.

களா என்னும் செடி

களாச்செடியின் பெயர் நம்மவர் பலருக்கும் தெரியும். மலையடிவாரப் புதர்க்காடுகளில் சிறுகளா தானே வளர்கிறது. ஆடு மேய்க்கும் சிறுவர் அதன் கறுத்த பழங்களைப் பறித்துத் தின்பதுண்டு. வட இந்தியாவில் கரோண்டா எனப்படுவது அதன் இனத்தைச் சேர்ந்த பெருங்களா. என்றும் பசுமையாக நிற்கும் இச்செடி 2 முதல் 3 மீட்டர் உயரம் வளரும். கிளைகளில் இணை இணையாகக் கூரிய முட்கள் உண்டு. மல்லிகையை ஒத்த மணமுள்ள வெள்ளைப் பூக்கள் பூக்கும். காயையோ கிளையையோ கீறினால் பால் வடியும். பொதுவாகக் கோடையின் தொடக்கத்தில் பூத்து, கோடை முடிவில் காய் பறிப்பிற்கு வரும். அதன் பின்னர்ப் பழுக்கும்.

காட்டில் கிடைக்கும் இக்கனியை நல்ல வகைகளாகத் தெரிந்தெடுக்கும் வேலை நம் நாட்டில் நடந்துள்ளது. உத்தராகண்ட் மாநிலம் பந்த்நகரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என மூன்று வகைகளை அளித்துள்ளது. முதலிரண்டின் காய்கள் வெண்ணிறத்தின் மீது இளஞ்சிவப்புப் படர்ந்தவை. மூன்றாவதன் காய் பச்சை நிறத்தின் மீது பழுப்புப் படர்ந்தது. மகாராஷ்டிர மாநிலம் தாபோலியிலுள்ள கொங்கண் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொங்கண் போல்டு என்னும் பெருங்காய் வகையைத் தந்துள்ளது. நமது கரிசல் ஊர்களின் வீட்டுத் தோட்டங்களுக்கு இவை அறிமுகமில்லாதவை.

இக்கனியால் என்ன பயன் என்று கேட்கலாம். முற்றாத காய் புளிப்பு மிக்கது. ஊறுகாய்க்கும் துவையலுக்கும் ஏற்றது. காயில் பெக்டின் என்னும் பசைப்பொருள் மிகுந்திருப்பதால் பழப்பாகும் ஜெல்லியும் எளிதில் உறையும். ரொட்டிக்கடைகளில் கேக்கின் மேலும் பன்னின் உள்ளும் காணப்படும் சிவப்புச் ‘செர்ரி’ பெரும்பாலும் செர்ரியே அன்று. விதை நீக்கிச் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காயே அது. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக்குப் பாகு காய்ச்சும் கைத்தொழில் புதிதன்று. இவையன்றி, முள் நிறைந்த இச்செடி நல்ல உயிர்வேலியாகவும் அமையும்.

சத்துக் கணக்கில் ஓர் எச்சரிக்கை

களாப்பழத்தில் இரும்புச் சத்து மலைபோல் உள்ளதென்று விற்பனையாளர் சிலர் கூறுவர். 100 கிராமில் 39 மில்லிகிராம் என்பது அவர்கள் காட்டும் கணக்கு. அந்த எண் உணவுச் சத்துப் பட்டியலில் உள்ளதுதான். ஆயின் அது உலர்ந்த களாவுக்கு உரியது. பறித்த பழத்தில் 100க்கு 91 பங்கு நீரே. எஞ்சிய 9 பங்கில்தான் சத்தெல்லாம் அடங்க வேண்டும். ஆகவே உலர்ந்த பழத்திற்குரிய எண்ணில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கையே, அதாவது 4 மில்லிகிராம் அளவையே, பச்சைப் பழத்தில் எதிர்பார்க்க இடமுண்டு. இதுவும் இகழத்தக்க அளவன்று. எனினும், இரத்தச்சோகையுற்ற தாய்மார் இப்பழத்தை நம்பி மருந்தை நிறுத்திவிடுதல் கூடாது. முருங்கைக்கீரை, கம்பு, பயறு ஆகியவற்றுடன் இதுவும் ஒன்று என்ற அளவிலேயே கொள்க.

கரிசலில் எது பகை?

“தண்ணீரே இல்லாத ஊரில் பழச்செடியா?” என்று நம்மைக் கேட்போர் பலர். களாவைப் பொறுத்தவரை வறட்சியை இரண்டாவது கவலையாகவே கொள்ளலாம். வேரூன்றிய களாச்செடி வறட்சியை நன்கு தாங்கும். ஏழை மண்ணிலும் உவர் கலந்த மண்ணிலும் பிழைக்கும். அதற்கு ஒவ்வாதது நீர் வடியாத கனத்த மண்ணே.

நமது கரிசலின் இயல்பை நினைவுகூர்வோம். கோடையில் அது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மழை பெய்தவுடன் உப்பி, துளைகள் அடைபட்டு, நீரைக் கீழே விடாது தேக்குகிறது. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியிருந்தாலும் அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஆகவே ஒரே செடி ஆறு மாதம் வறட்சியிலும் சில வாரங்கள் சேற்றிலும் நிற்க வேண்டியுள்ளது. அந்தச் சில வாரங்களில் வேர் அழுகினால், அடுத்த கோடையின் வறட்சியைத் தாங்கச் செடி இராது.

இங்குதான் வெளியூர்ப் புகழை நம்புவதில் உள்ள இடர் விளங்குகிறது. தாபோலியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எனினும் அங்குள்ள செம்புறை மண்ணில் நீர் வடிந்துவிடும். பந்த்நகரோ இமயமலை அடிவாரத்துத் தராய் நிலம். அவ்விடங்களில் சிறந்த வகை கயத்தாற்றுக் கரிசலிலும் விளாத்திகுளத்துக் கரிசலிலும் சிறந்தே தீரும் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. நட்டுப் பார்த்தே அறிதல் வேண்டும்.

குழி வேண்டாம், மேடு வேண்டும்

பழமரம் என்றதும் ஆழமாகக் குழி வெட்டுவது நமது வழக்கம். செம்மண்ணில் அது நன்று. கரிசலில் வெட்டிய குழி, மழைக்காலத்தில் நீர் தேங்கும் தொட்டியாக மாறிவிடும். குழியைச் சுற்றியுள்ள களிமண் நீரை வெளியே விடாது. ஆகவே களாவுக்கு மேடு அமைத்தலே தக்கது.

சுமார் 4 அடி அகலமும் 1½ அடி உயரமும் கொண்ட மண்மேட்டை ஆவணியிலேயே அமைத்திடுக. கரிசல் மண்ணுடன் செம்மண்ணும் சிறு சரளையும் நன்கு மக்கிய தொழுவுரமும் கலத்தல் வேண்டும். கண்மாய் வண்டலை இதற்குச் சேர்த்தல் நன்றன்று; நம் பகுதிக் கண்மாய்களின் வண்டலும் களிமண்ணே ஆதலின் அது வடிகாலைக் கெடுக்கும். மேட்டைச் சுற்றி வழிந்தோடும் நீர் செல்ல ஒரு சிறு வாய்க்கால் கீறிவிடுக.

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்ததும் நடுதல் நலம். பெருமழைக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும். மழை ஓய்ந்தபின் மார்கழியில் கம்புத்தட்டை, நிலக்கடலைத் தோல், வேப்பிலை முதலியவற்றை நான்கு விரற்கடை கனத்திற்கு மூடாக்காகப் பரப்புக. இது ஈரத்தைக் காப்பதோடு நிலம் வெடித்து வேர் அறுபடுவதையும் குறைக்கும். மூடாக்கு தண்டைத் தொடாதிருத்தல் வேண்டும்.

மூன்று செடிகள், ஐந்து வீடுகள்

பரீட்சைக்கு எத்தனை செடி வேண்டும்? ஒரே செடியை நட்டு, அது பட்டுப்போனால், வகை ஆகாதென்று கூறுவது முறையன்று. ஆடு கடித்திருக்கலாம், நட்டவர் நீர் விடாதிருக்கலாம், மண் ஒவ்வாதிருக்கலாம். காரணத்தைப் பிரித்தறியும்படி நடுதலே பரீட்சை.

ஒரு வீட்டிற்கு மூன்று செடிகள் போதும். முதலாவது, மேட்டில் நட்ட புதுவகை. இரண்டாவது, அதே புதுவகையைச் சமநிலத்தில் நட்டது. மூன்றாவது, மேட்டில் நட்ட நாட்டுக் களா. முதற்செடியையும் இரண்டாவதையும் ஒப்பிட்டால் மேட்டின் பயன் தெரியும். முதற்செடியையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால் வகையின் பயன் தெரியும். மூன்றுக்கும் ஒரே அளவு நீரும் ஒரே அளவு எருவும் இடுதல் வேண்டும். புதுச்செடி என்ற ஆசையில் அதற்கு மட்டும் ஒரு குடம் கூட ஊற்றினால் பரீட்சை கெட்டது.

ஒரு வீட்டில் நேரும் விபத்து முடிவை மாற்றிவிடாதிருக்க, ஒரு கிராமத்தில் ஐந்து வீடுகளில் இதே முறையில் நடுக. ஐந்து வீட்டிலும் சமநிலச் செடி வாடி மேட்டுச்செடி தழைத்தால் அதனை நம்பலாம். ஒரு வீட்டில் மட்டும் அவ்வாறு நேர்ந்தால் நம்புதற்கில்லை. ஆராய்ச்சிப் பண்ணைகளில் ஒரே சோதனையைப் பல பாத்திகளில் திரும்பச் செய்வதும் இக்காரணம் பற்றியே.

நீர்க் கணக்கு

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கருத்தூன்றிப் பார்க்கவேண்டிய பகுதி இது. இளஞ்செடிக்கு முதற்கோடையில் வாரம் இருமுறை, முறைக்கு ஒரு குடம் தேவை எனக் கொள்வோம். குடத்திற்கு 15 லிட்டர் எனின், மூன்று செடிக்கு வாரம் 90 லிட்டர். தை முதல் ஆடி வரை 30 வாரங்களுக்கு 2,700 லிட்டர்.

ஐந்து வீடுகளுக்கு இது 13,500 லிட்டர். இதனைப் பாத்திரம் கழுவிய நீராலும் குளித்த நீராலும் ஈடுசெய்யலாம். சோப்பு மிகுந்த நீரை மட்டும் தவிர்க்க வேண்டும். ஆயின், நல்லெண்ணத்தால் உந்தப்பட்டு முதலாண்டிலேயே 100 வீடுகளுக்குக் கன்று வழங்கினால் தேவை 2,70,000 லிட்டராகிறது. குடிநீருக்கே பெண்கள் குடத்துடன் காத்து நிற்கும் சித்திரை, வைகாசியில் இந்நீர் எங்கிருந்து வரும்? செடிக்கு ஊற்றினால் குடும்பத்திற்குக் குறையும். ஊற்றாவிடில் கன்று பட்டுப்போகும். கன்றுக்குச் செலவிட்ட பணமும் வீண். அதன் பின்னர் நல்ல பயிரொன்று வந்தாலும் ஊரார் நம்பமாட்டார். ஆகவே சிறு அளவில் தொடங்குதல் கஞ்சத்தனம் ஆகாது. ஊரின் நீரையும் ஊராரின் நம்பிக்கையையும் காக்கும் வழி அதுவே.

நீரைச் சிக்கனமாக்கப் பானைப் பாசனம் உதவும். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைச் செடியருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்தால் ஈரம் வேருக்கு மெல்ல மெல்லக் கசியும். மழைநீரையும் விட்டுவிடலாகாது: 20 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 200 லிட்டர் நீர் விழுகிறது.

கன்று வாங்குமுன் கேட்க வேண்டியவை

விதையில் முளைத்த களா தாய்ச்செடியை அப்படியே ஒத்திராது. பெயருள்ள வகை வேண்டுமாயின், தாய்ச்செடியின் கிளையிலிருந்து பதியனிட்டோ தண்டு வேர்பிடிக்கச் செய்தோ எடுத்த கன்றையே பெறுதல் வேண்டும். “இது விதைக்கன்றா, பதியன் கன்றா? தாய்ச்செடி எங்குள்ளது?” என்று நாற்றங்காலில் கேளுங்கள். தெளிவான விடை கிடைக்காத இடத்தில் வாங்காதீர்கள். நாட்டுக் களாவை விதையில் வளர்ப்பதாயின், பழத்திலிருந்து எடுத்த விதையை உடனே விதைத்திடுக. வைத்திருந்தால் முளைப்புத்திறன் விரைவில் குன்றிவிடும்.

பால் வடியும் செடிகள் பலவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; நஞ்சுடைய அரளியும் களாவும் உறவினமே. ஆகவே, பெயர் தெரியாத செடியின் கனியைத் தோற்ற ஒற்றுமை கண்டு குழந்தைகள் வாயிலிடாதபடி கற்பித்தல் வேண்டும். களாச்செடியையும் முற்றத்து நடைவழியிலோ பள்ளிப் பிள்ளைகள் ஓடியாடும் இடத்திலோ நடுதல் ஆகாது. முள் கண்ணில் பட்டால் தீங்கு பெரிது. கொல்லையின் எல்லையோரமே அதற்கு இடம்.

பரவுமா எனப் பார்த்தல்

எரிபொருளுக்கும் வேலிக்கும் உதவுமென்று பரப்பிய சீமைக்கருவேல் இன்று நம் கண்மாய்களையும் தரிசுகளையும் எவ்வாறு பிடித்துள்ளது என்பதை எடுத்துரைக்கத் தேவையில்லை. அழகுக்கென வந்த உண்ணிச்செடியைப் பறவைகள் காடெங்கும் விதைத்துவிட்டன. களா நம் நாட்டுச் செடியே ஆதலின் அத்தகைய அச்சம் குறைவு. எனினும், பறவைகள் உண்ணும் எந்தக் கனியைப் புதிதாக நட்டாலும், அதன் கன்றுகள் அயலிடங்களில் தாமே முளைக்கின்றனவா என ஆண்டுதோறும் பார்த்து எழுதுதல் நல்ல பழக்கம்.

குறிப்பேடு

இருபக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நட்ட நாள், கன்றின் மூலம், நட்ட இடம், ஊற்றிய நீர், பெருமழைக்குப்பின் எத்தனை நாள் நீர் தேங்கியது, இலை மஞ்சளித்ததா, பூத்த நாள், பறித்த காயின் எடை, வீட்டார் சுவைத்துக் கூறிய கருத்து ஆகியவற்றை எழுதுக. பள்ளி மாணவர் உள்ள வீடுகளில் இப்பணியை அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

முதலாண்டில் எந்த முடிவும் வேண்டாம். நட்ட இரண்டாம் ஆண்டு பூக்கத் தொடங்கினாலும், மூன்று மழைக்காலமும் மூன்று கோடையும் கண்ட செடியே தன் இயல்பைக் காட்டும். நல்ல மழை பெய்த ஓராண்டும், மழை தவறிய ஓராண்டும் அதனுள் அமைந்தால் முடிவு மேலும் உறுதிப்படும்.

இதே முறையைப் பிற சிறுகனிகளுக்கும் கையாளலாம். வட இந்தியாவில் கோடைச் சர்பத்திற்குப் பயன்படும் பால்சா அத்தகையது. அது புதுத்தளிரில் மட்டுமே காய்ப்பதால் ஆண்டுதோறும் பனிக்காலத்தில் கிளைகளை வெட்டிவிட வேண்டும். பறித்த பழம் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே அது வீட்டார் உண்பதற்கே ஏற்றது; தொலைதூரச் சந்தைக்கு அன்று. ஒவ்வொரு கனியின் குணமும் வேறாதலின், அதற்கேற்பக் குறிப்பேட்டின் கேள்விகளை மாற்றிக்கொள்க. வறண்ட நிலப் பழமரங்களைப் பற்றிய ஐயங்களுக்கு அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்தாரையும், மண் பற்றிய ஐயங்களுக்குக் கோவில்பட்டி நிலையத்தாரையும் அணுகலாம்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை மூன்று. முதலாவதாக, கொல்லையும் கழுவுநீரும் ஆர்வமும் உள்ள ஐந்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தல். அவற்றில் ஒன்றேனும் நிலமற்ற தொழிலாளி வீடாகவும், ஒன்றேனும் பெண் பொறுப்பேற்று நடத்தும் குடும்பமாகவும் இருத்தல் நன்று. வசதியுள்ளவர் வீட்டில் மட்டும் தழைக்கும் செடி ஊருக்கு உதவாது. இரண்டாவதாக, ஆண்டிற்கொரு முறை ஊரார் கூடி ஐந்து குறிப்பேடுகளையும் படித்துக் கேட்டல். மூன்றாவதாக, மூன்றாண்டு முடிவில் வெற்றி கண்ட செடியிலிருந்து ஊரிலேயே பதியனிட்டுப் பரப்புதல். தோல்வி கண்டால் அதனையும் மறைக்காது பதிவேட்டில் எழுதி அண்டைக் கிராமங்களுக்கு அறிவித்தல்.

இக்கனிக்கு நம் பகுதியில் ஆயத்தச் சந்தை இல்லை என்பதையும் மறத்தலாகாது. கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் நடுதற்குரிய பயிர் இதுவன்று. ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஒரு ஜாடி ஊறுகாயும், பிள்ளைகளுக்குக் கைநிறையப் பழமும், கொல்லைக்கு ஆடு புகாத வேலியும் கிடைக்குமாயின் அதுவே முதற்பயன். அதற்கு மேல் மிஞ்சினால், மகளிர் குழுவினர் ஊறுகாயும் பாகுக்கனியும் செய்து விற்க முற்படலாம்.

உழவர் பெருமக்களே! வரும் ஆவணியில் கொல்லை மூலையில் நான்கடி இடத்தைத் தேர்ந்து மண்மேட்டை அமைத்திடுங்கள். புரட்டாசியில் செடி நடுங்கள். புதியது என்பதற்காக நம்பவும் வேண்டாம். புதியது என்பதற்காக வெறுக்கவும் வேண்டாம். மூன்றாண்டு கவனித்து நீங்களே எழுதிய குறிப்பேடு எப்படிச் சொல்கிறதோ அப்படிச் செய்யுங்கள்.